மாவுப் பொட்டலத்தில் என் கையெழுத்து

கோலசிலாங்கூர்
22-10-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். எழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று நினைக்காதீர்கள், கோபம். விடியும் வரை ஆறப்போட்டால் ‘போகட்டும், அண்ணன்தானே’ என்று விட்டுவிடுவேன். விடக்கூடாது என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

ரமணிக்குக் கஞ்சி ஆரம்பித்துவிட்டோம் என்று போன கடிதத்தில் சொல்லியிருந்தேன். இங்கே மீன் மார்க்கெட்டுக்கு எதிரே உள்ள மளிகைக் கடையில் நம் ‘சின்னத்தாய் சத்து மாவு’ தொங்குவதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. “இது எங்க அம்மா பேரு. எங்க அண்ணன் மில்லு, சுங்கை சோவுல இருக்கு” என்று கடைக்காரர் கேட்காமலேயே சொல்லி வாங்கி வந்தேன். அன்றிலிருந்து அதைத்தான் என் பிள்ளைக்கு ஊட்டி வந்தேன்.

இன்று காலை கஞ்சி கிண்டும்போது சட்டியின் அடியில் நறநறவென்று சத்தம். அடுப்பை அணைத்துவிட்டு மிச்ச மாவை வெள்ளைத் துணியில் பரப்பினேன். மில்லில் நான் பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை வைத்து ஒவ்வொரு அரைவையையும் துழாவுவேனே, அதே மாதிரி ஒன்று இங்கேயும் என் தையல் டப்பாவில் கிடக்கிறது. அதை மாவுக்குள் விட்டு எடுத்தால் காந்தத்துக்குத் தாடி முளைத்திருந்தது அண்ணா. கறுப்புத் தாடி. இரும்புத் தூள்.

பாக்கெட்டைக் கவிழ்த்தேன். வழக்கமான சிறு சீட்டு விழுந்தது. அரைத்த நாள், ஆயுத பூசைக்கு மறுநாள். ‘பார்த்துச் சரி சொன்னவர்’ என்ற இடத்தில் என் கையெழுத்து. பெயருக்கு அடியில் நான் இழுக்கும் கோடு உட்பட அப்படியே இருக்கிறது. ஆனால் ஓரத்தில் ரப்பர் முத்திரையின் விளிம்பு மையாகப் பதிந்திருக்கிறது.

பிரசவத்துக்காக நான் மில்லை விட்டு வந்தது பொங்கலுக்கு முன்னால். அதன் பிறகு அந்த வாசலை நான் மிதிக்கவில்லை. அப்படியிருக்க அக்டோபர் மாதத்து மாவை நான் எப்படிப் பார்த்தேன்? எந்தக் கண்ணால் பார்த்தேன்?

நடந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. பூசைக்கு முன்னால் அரைக்கும் இரும்புத் தட்டுகளைப் புதிதாக மாற்றியிருப்பீர்கள். புதுத் தட்டு ஒன்றோடொன்று உரசிப் படியும் வரை தூள் உதிரும். அதற்காகத்தான் பூசைக்கு முதல் நாளே நொய்யரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டச் சொல்வேன். பூசைக்குப் பிறகு அரைப்பது முதல் அரைவை, அதைக் கொட்டினால் வருஷம் முழுக்கக் கொட்டிப்போகும் என்று நீங்கள் சண்டைக்கு வருவீர்கள் என்பதால்தான் முந்திக்கொள்வேன். உங்கள் சாங்கியமும் கெடவில்லை, மாவும் கெடவில்லை. இந்த வருஷம் நொய்யரிசி போட ஆள் இல்லை. கையெழுத்துக்கு மட்டும் ஆள் இருந்திருக்கிறது!

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். பயப்பட ஒன்றுமில்லை, வெளியே வந்துவிடும் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நான் ஒவ்வொரு அணைத்துணியையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வங்கியிலிருந்து வந்த உங்கள் மாப்பிள்ளை, “அமரா, கொஞ்சம் சாப்பிடு” என்றார். சோறு இறங்கவில்லை.

அந்த அரைவை எங்கெல்லாம் போயிருக்கிறது? ஈஜோக் எஸ்டேட் ஆயாக்கொட்டகைக்கும் போனதா? அங்கே இருப்பதெல்லாம் ரமணி வயதுப் பிள்ளைகள். தாய்மார் எல்லாம் காட்டில் வேலையில் இருப்பார்கள். முழுவதையும் திரும்ப எடுங்கள். அந்த முத்திரையை உடைத்துப் போடுங்கள். இரண்டையும் செய்துவிட்டேன் என்று எழுதுங்கள்.

அமராவதி


சுங்கை சோ
27-10-1986

தங்கச்சி அமராவதிக்கு அண்ணன் சிவானந்தம் எழுதுறது.

பிள்ளைக்கு ஒண்ணுமில்லேன்னு டாக்டர் சொன்னத முதல் வரியிலயே எழுதியிருக்கணும். நீ என்னமோ கடைசிப் பக்கத்துல கொண்டு போய் வச்சிருக்கே. உன் அண்ணி கங்கா படிக்கப் படிக்க எனக்குக் கை கால் ஓடல. அவ அழுதே போயிட்டா. இனிமே இப்படி எழுதாதே.

மத்தபடி நீ எழுதினதுல பாதி படிச்ச திமிரு. சொன்னா கோவம் வரும், ஆனா சொல்லத்தான் வேணும். நம்ம ஆயாக்கொட்டகையில நாம மண்ணைத் தின்னு வளர்ந்தோம். உனக்கு என்ன ஆச்சு? காலேஜு வரைக்கும் போனே. அந்தக் காலேஜுக்கு உன்னை அனுப்ப நான் செம்பனைக் குலை ஏத்துற லோரியில ராத்திரி பகலா ஓடினேன். அத நான் சொல்லிக் காட்டுறவன் இல்ல. இன்னிக்குச் சொல்ல வச்சுட்டே.

சாப், அந்த முத்திரை விஷயத்துக்கு வர்றேன். நீ கையெழுத்துப் போட்ட வரைக்கும் ஒரு பாக்கெட் திரும்பி வந்ததுண்டா? நீயே சொல்லு. நீ போனதும் உலு யாம் கடைக்காரன் வண்டு இருக்குன்னு ஒரு பெட்டியத் திருப்பிட்டான். அடுத்தாப்புல காரவாடை அடிக்குதுன்னு இன்னொருத்தன். அப்பதான் எனக்கு உறைச்சுது, இந்த மில்லு ஓடினது உன் கைராசியில. ஆளுதான் இல்ல, கையாவது இருக்கட்டும்னு ரவாங்ல குடுத்து உன் கையெழுத்துக்கு ரப்பர் சாப் செஞ்சேன். கண்ட இடத்துல போட்டு வைக்கல. சாமி படத்துக்கு முன்னால இருக்கு. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு, நம்ம மில்லு வேலைக்காரி இராஜம்மா தலைக்குக் குளிச்சிட்டு வந்துதான் அந்த வாரத்துச் சீட்டு அத்தனைக்கும் குத்துறா. வேற யாரையும் தொட விடறதில்ல. உன்னை நான் எவ்வளவு மதிக்கிறேன்னு இதுலயே தெரியல?

இன்னொண்ணும் கேட்டுக்க. தரத்தைப் பத்திக் கோலாலம்பூர்ல ஒரு கருத்தரங்கு நடந்துச்சு. நான் போயி சர்டிபிகேட் வாங்கியிருக்கேன். ஜப்பான்காரன் எப்படிச் செய்யறான்னு படம் போட்டுக் காட்டினாங்க. வேலையாளுங்க வாரத்துல ஒரு நாள் வட்டமா உட்கார்ந்து பேசணுமாம். நாங்களும் உட்கார்றோம், தேத்தண்ணி குடுக்கறேன். எல்லாருக்கும் வெள்ளைத் தொப்பி வாங்கியாச்சு. கோலாலம்பூர் சூப்பர்மார்க்கெட்டுக்காரன் மில்லைப் பார்க்க வரப்போறான். அவன் எடுத்துக்கிட்டா நம்ம அம்மா பேரு பட்டணத்துல தொங்கும். இந்த நேரத்துல நீ வாயைத் திறக்காம இருந்தாலே எனக்குச் செஞ்ச பெரிய உபகாரம்.

தீபாவளிக்கு மாப்பிள்ளையும் நீயும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்துடுங்க. அண்ணி முறுக்குச் சுடப்போறா.

சிவானந்தம்


கோலசிலாங்கூர்
29-10-1986

அண்ணனுக்கு,

இராஜம்மா அக்கா தலைக்குக் குளித்தால் மாவில் இருக்கும் இரும்பு போய்விடுமா?

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அதில் தொப்பி இருக்கிறது, தேத்தண்ணி இருக்கிறது, ஜப்பான்காரன் இருக்கிறான். மாவைத் திரும்ப எடுத்தேன் என்ற ஒரு வரி இல்லை. வட்டமாக உட்கார்ந்து என்ன பேசினீர்கள் என்றும் இல்லை. உலு யாமில் வண்டு வந்ததைப் பற்றிப் பேசினீர்களா? காரவாடை எப்படி வந்தது என்று யாராவது கேட்டார்களா? நான் இங்கிருந்தே சொல்கிறேன்: மிளகாய் அரைத்த பிறகு மிஷினைத் திறந்து துடைக்கவில்லை. அவ்வளவுதான். ராசியுமில்லை, தோஷமுமில்லை.

கைராசி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் அங்கே இருந்தபோது என்ன செய்தேன் என்று நினைத்தீர்கள்? மாவைத் தொட்டுக் கும்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன் என்றா? வறுத்த தானியம் ஆறாமல் மிஷினில் போடக் கூடாது என்று வாசலில் மறித்து நிற்பேன். உங்களுக்கு அது நினைவில்லை, ஏனென்றால் அப்போதெல்லாம் நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். “லோரி வந்து நிக்குது, இவ மாவுக்கு ஜாதகம் பார்த்துக்கிட்டிருக்கா” என்று இராஜம்மா அக்கா காதுபடச் சொன்னீர்களே! ஒரு தடவை மூட்டையின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன், தூக்க விடாமல். வயிற்றில் ரமணி இருந்தாள் அப்போது. ஒரு பாக்கெட்டும் திரும்பி வரவில்லை என்கிறீர்கள். திரும்பி வந்திருக்க வேண்டியவற்றை நான் போகவே விடவில்லை அண்ணா.

நீங்கள் லோரி ஓட்டித்தான் நான் படித்தேன். அதை நீங்கள் சொல்லிக் காட்ட வேண்டாம், நானே எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் அப்படிப் படிக்க வைத்துவிட்டு, படித்ததை மட்டும் பேசாதே என்றால் எதற்குப் படிக்க வைத்தீர்கள்? சீட்டில் போட அழகான கையெழுத்து வேண்டும் என்றா?

மண்ணைத் தின்று வளர்ந்தோம் என்கிறீர்கள். மண் தின்றதில் தங்காமல் போன பிள்ளைகளும் நம் லயத்தில் உண்டு. அம்மாவுக்கு அது தெரியும். அவர் பெயரைத்தான் பாக்கெட்டில் போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை, “சொந்த அண்ணன்கிட்ட இவ்வளவு காரம் வேணாம்லா” என்கிறார். அவர் நல்ல மனிதர், எதையும் காரம் குறைத்தே சாப்பிடுவார். நான் கேட்டது இரண்டே காரியம். தீபாவளிக்குள் பதில் வராவிட்டால் முறுக்குத் தின்ன வரமாட்டேன். ஈஜோக்குக்கு நானே பஸ் ஏறிப் போவேன்.

அமராவதி


சுங்கை சோ
6-11-1986

அமராவதிக்கு,

தீபாவளி அன்னிக்கு வாசல்ல நாற்காலியப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து பார்த்தேன். நீ வரல. சரி, கோவம், தணியட்டும்னு இருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு ஈஜோக் எஸ்டேட் ஆபீஸ் கிராணி ஆள் அனுப்பறாரு. “உங்க தங்கச்சியே வந்து மாவைக் கொட்டச் சொல்லிட்டுப் போறாங்க, இனிமே நாங்க எப்படி வாங்குறது?”ன்னு கேட்டு விடறாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீ நெனச்சுப் பார்த்தியா? ஊரான் செஞ்சா நான் மல்லுக்கு நிப்பேன். கூடப் பொறந்தவ, அதுவும் நாம பொறந்த எஸ்டேட்டுல, நம்ம அம்மா கூட வேலை செஞ்சவங்க மத்தியில நின்னு, அண்ணன் மாவுல இரும்பு இருக்குன்னு சொல்றா. என் வயித்துல அடிச்சது மட்டுமில்ல, அம்மா பேரையும் சேர்த்து அடிச்சிருக்கே.

யாருக்காவது ஏதாவது ஆச்சா? ஒரு பிள்ளைக்கு வயித்து வலி? ஒண்ணுமில்ல. ஒண்ணுமே ஆகாததுக்கு இத்தனை கூத்து. உனக்குப் பிள்ளை பொறந்ததுலேர்ந்து எல்லாத்துக்கும் பயம். கொசுவுக்குப் பயம், குளிச்ச தண்ணிக்குப் பயம். உன் பயத்தைக் கொண்டாந்து என் மில்லுல ஏத்தாதே.

இனிமே எனக்கு எழுத வேண்டாம். அண்ணிக்கு எழுதிக்க.

சிவானந்தம்


கோலசிலாங்கூர்
9-11-1986

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். அண்ணிக்கு எழுதினால் அவர் அழுதுகொண்டே உங்களுக்குத்தான் படித்துக் காட்டப் போகிறார். அதற்கு நேராகவே எழுதலாம்.

எனக்குப் பயம் உண்டு. மறுக்கவில்லை. அந்தப் பயத்தோடுதான் பிள்ளையைத் தூளியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே கூத்து எதுவும் நடக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் மவுரீன் அக்கா என்னைக் கண்டதும் ரமணியைப் பிடுங்கிக்கொண்டார். “என்னா குண்டு! எல்லாம் மாமன் மாவு தானே?” என்றார். மாவு டின்னைக் கேட்டு வாங்கி, காந்தத்தை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினேன்.

அவர் காந்தத்தில் ஒட்டியதை விரலால் வழித்துப் பார்த்தார். “சொந்த அண்ணன் மாவையே கொட்டச் சொல்றியா நீ?” என்று கேட்டார்.

“கொட்டுங்கக்கா.”

“கொட்டிப்புடலாம்லா. மத்தியானத்துக்கு இந்த வாண்டுங்களுக்கு என்னா குடுக்கிறது? கிராணி கேட்டா என்னா சொல்றது?”

காந்தத்தை எடுத்துக்கொண்டு போன நான் அரிசியை எடுத்துக்கொண்டு போகவில்லை. மவுரீன் அக்காவே தன் வீட்டிலிருந்து அரிசி கொண்டுவந்தார். இருவருமாகக் கஞ்சி காய்ச்சினோம். ஊட்டும்போது தூளியில் கிடந்த ஒரு பயலைக் காட்டி, “இவனுக்கு ஈறுல பொட்டு ரத்தம் வந்துச்சு. பல்லு முளைக்குதாக்கும்னு விட்டுட்டேன்” என்றார். பல்லாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்பதால்தான் கொட்டச் சொன்னேன். நீங்களோ ‘ஒண்ணுமே ஆகல’ என்கிறீர்கள். பார்க்காதவர்களுக்கு எப்போதும் ஒன்றும் ஆகவில்லைதான்.

அந்த டின்னுக்குள்ளும் சீட்டு கிடந்தது. மவுரீன் அக்காவுக்கு என் பெயர் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீதானே பார்த்துச் சரின்னு போட்டிருக்கே?” என்றார்.

அண்ணா, அந்த ஒரு கேள்விக்கு நான் அங்கே நின்ற நிலை உங்களுக்கு வரக் கூடாது. என் அண்ணன் பொய்க் கையெழுத்துப் போட்டார் என்று சொல்லவா? நான் பார்த்தேன் என்று சொல்லவா? பிள்ளையை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்து, அங்கே நின்று அழுதேன்.

இப்போது கடைசியாகச் சொல்கிறேன். கடைகளில் இருப்பது இந்த மாதத்துக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அந்த சூப்பர்மார்க்கெட்டுக்கு நானே எழுதுவேன், சீட்டில் இருக்கும் கையெழுத்து என்னுடையது அல்ல என்று. அதன் பிறகு நீங்கள் என் முகத்தில் விழிக்க மாட்டீர்கள் என்று தெரியும். ரமணிக்குக் காது குத்தும்போது மாமன் மடி இருக்காது என்றும் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அமராவதி


சுங்கை சோ
19-11-1986

தங்கச்சிக்கு,

திருப்பி எடுத்தாச்சு. ஈஜோக், உலு யாம், உங்க ஊரு, எல்லாக் கடையிலயும் நானே லோரிய ஓட்டிக்கிட்டுப் போயி எடுத்தேன். ஒவ்வொருத்தன்கிட்டயும் “பாக்கெட் ஒட்டினதுல கோளாறு”ன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? உங்க ஊருக் கடைக்காரன் மட்டும் சிரிச்சுக்கிட்டே, “உங்க தங்கச்சி வேற காரணம் சொன்னாங்களே”ன்னான். உன்னை அங்கேயே வந்து நாலு வாங்கு வாங்கலாம்னு இருந்துச்சு. வாசல் வரைக்கும் வந்தேன். கொடியில பிள்ளை துணி காஞ்சுது. திரும்பிட்டேன்.

கோழிப்பண்ணைக்காரன் கேட்டான், குடுக்கல. மில்லுக்குப் பின்னால குழி வெட்டிப் போட்டாச்சு. முதல் அரைவையக் குழியில போட்டவன் நானாத்தான் இருப்பேன். இந்த வருஷம் எப்படிப் போகுதுன்னு பார்க்கலாம்.

நீ மிரட்டினதுக்காகச் செய்யல. உன் அண்ணி அந்தக் காந்தத்த எங்கேயோ தேடி எடுத்து, மாவுக்குள்ள விட்டு, நான் சாப்பிட உட்கார்ந்தப்ப தட்டுக்குப் பக்கத்துல வச்சுட்டுப் போயிட்டா. அதுல ஒட்டியிருந்துச்சு. கொஞ்சம்தான். நீ எழுதுற அளவு தாடியெல்லாம் இல்ல.

கையெழுத்து விஷயத்துலயும் நீ சொல்றதுல நியாயம் இருக்குன்னு வட்டத்துல பேசினோம். இராஜம்மாவே, “அவங்க கையி, அவங்ககிட்டயே இருக்கட்டும்”னுட்டா. அதனால சாப்ப இதோட பஸ்ஸுல குடுத்தனுப்பறேன். புதுசா அச்சடிச்ச சீட்டுக் கட்டும் இருக்கு. நீயே உன் கையால உட்கார்ந்து குத்தி அனுப்பிடு. இனிமே பொய்னு யாரும் சொல்ல முடியாது. உனக்கும் பிள்ளையப் பார்த்துக்கிட்டே வீட்டுல செய்யற வேலை. வாரா வாரம் கண்டக்டர்கிட்ட அனுப்பறேன். சூப்பர்மார்க்கெட்டுக்காரன் அடுத்த மாசம் முதல் வாரம் வர்றான். அதுக்குள்ள கட்டு வந்து சேரணும்.

பிள்ளைக்கு ஒரு கவுன் வச்சிருக்கேன். அளவு தெரியாம எடுத்தது.

சிவானந்தம்


கோலசிலாங்கூர்
22-11-1986

அண்ணனுக்கு,

மாவைத் திரும்ப எடுத்தீர்கள் என்று படித்ததும் ரமணியைத் தூக்கிச் சுற்றினேன். வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பியதைப் படித்ததும் இறக்கி வைத்துவிட்டேன். அதற்காகத் தனியாக ஒரு நாள் சண்டை இருக்கிறது.

பிறகு பொட்டலத்தைப் பிரித்தேன். கவுனை எடுத்தேன். அதற்கு அடியில் முத்திரை, குங்குமப் பொட்டோடு. அதற்கும் அடியில் சீட்டுக் கட்டு. ஒரு பிடி மாவு கூட இல்லை! நான் இங்கே கோலசிலாங்கூரில் உட்கார்ந்துகொண்டு, சுங்கை சோவில் நீங்கள் இனிமேல் அரைக்கப் போகும் மாவுக்கு இன்றைக்கே சரி என்று குத்தி அனுப்ப வேண்டும். இதில் இராஜம்மா அக்கா குத்துவதற்கும் நான் குத்துவதற்கும் என்ன வித்தியாசம், நான் தலைக்குக் குளிக்க வேண்டியதில்லை என்பதைத் தவிர?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே சத்தம் இல்லையே என்று பார்த்தேன். பாப்பா முத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு தரையெல்லாம் குத்தியிருக்கிறாள். தன் தொடையிலும் ஒன்று குத்திக்கொண்டிருக்கிறாள். உங்கள் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறார். “பிள்ளையப் பார்த்துச் சரின்னு போட்டாச்சு அமரா, இனிமே தடுப்பூசி வேணாம்லா” என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தது, ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது.

ரப்பரைக் கத்தியால் கீறி எறிந்துவிட்டேன். குங்குமம் வைத்ததைக் கீறினேன் என்று உங்களுக்கு மனம் கஷ்டப்படும். படட்டும். சீட்டுக் கட்டு வந்தபடியே இதோடு திரும்புகிறது.

என்னிடம் வேலை வாங்க வேண்டுமானால் வழி உண்டு. ஒவ்வொரு மூட்டையிலும் மேலிருந்து அல்ல, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து, எந்த மூட்டை என்று எழுதி, மைலோ டின்னில் போட்டுக் கண்டக்டரிடம் கொடுங்கள். பார்த்துச் சொல்கிறேன். சொல்லும்வரை அந்த மூட்டை பாக்கெட்டுக்குள் போகக் கூடாது. மாவு வராமல் என் பெயர் வராது.

கவுன் சரியாக இருக்கிறது. கொஞ்சம் பெரிது, வளருவாள்.

அமராவதி


சுங்கை சோ
27-11-1986

அமராவதிக்கு,

டின் அனுப்பியிருக்கேன். மூணு பொட்டலம். வறுத்து ஆறவச்சுத்தான் அரைச்சோம், இராஜம்மா மிஷினத் திறந்து துடைச்சா. எல்லாம் நீ சொன்ன மாதிரி.

மூணாவது பொட்டலம் எனக்கே சரியாப்படல. விரல்ல தேய்ச்சுப் பார்த்தேன். காந்தத்த விட்டேன். வட்டத்துலயும் வச்சேன். ஒருத்தன் லேசாங்கறான், ஒருத்தன் ஒண்ணுமில்லேங்கறான். தட்டைக் கழட்டி மறுபடி பொருத்தினா ரெண்டு நாள் மில்லு நிக்கும். சூப்பர்மார்க்கெட்டுக்காரன் செவ்வாய்க்கிழமை வர்றான். அவன் வர்றப்ப மிஷினு ஓடணும், சரக்கு அடுக்கியிருக்கணும்.

நீயே பார்த்துச் சொல்லு. நீ சரின்னு சொல்லிட்டா எனக்கு நிம்மதி.

சிவானந்தம்


கோலசிலாங்கூர்
29-11-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

தபாலில் போட்டால் செவ்வாய்க்குள் வராது என்று இதைக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதல் இரண்டு பொட்டலமும் நன்றாக இருக்கின்றன. ஒன்றில் கஞ்சி காய்ச்சி ரமணிக்குக் கொடுத்தேன். ஒரு வாய் எனக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் காலி செய்தாள்.

மூன்றாவதில் இரும்பு இருக்கிறது. லேசாகவெல்லாம் இல்லை, இருக்கிறது.

ஆனால் எனக்கு இப்போது வரும் கோபம் அதற்கில்லை. நீங்கள் விரலில் தேய்த்தீர்கள், காந்தத்தை விட்டீர்கள், சரியில்லை என்று உங்களுக்கே தெரிந்தது. தெரிந்த பிறகு என்னிடம் எதற்குக் கேட்கிறீர்கள்? நான் ‘சரி’ என்று சொன்னால் உங்கள் காந்தத்தில் ஒட்டியது உதிர்ந்துவிடுமா? பழைய முத்திரை சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. இப்போது அதை நீங்கள் கோலசிலாங்கூரில் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த இடத்தில் உட்கார எனக்குச் சம்மதம் இல்லை.

டின்னோடு ஒரு சீட்டையும் நீங்கள் வைத்து அனுப்பியிருந்தீர்கள். அதில் அரைத்த நாளை எழுதியிருக்கிறேன். ‘பார்த்துச் சரி சொன்னவர்’ என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மறந்துபோய் இல்லை. நான் பார்த்தது ஒரு பிடி மாவு. மூட்டையைப் பார்ப்பவர் நீங்கள். அந்த இடத்தில் இனிமேல் உங்கள் பெயர்தான் வர வேண்டும், உங்கள் கையால். சிவானந்தம் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுதும் முன்பு ஒரு தடவை கை நடுங்கட்டும். எனக்கு ஒவ்வொரு தடவையும் நடுங்கும். கைராசி என்று நீங்கள் சொன்னது அதைத்தான்.

நான் டின்னில் வருவதைப் பார்த்துச் சொல்கிறேன், எப்போதும் சொல்வேன். தட்டை எப்படிப் பொருத்துவது என்று இராஜம்மா அக்காவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், கொடுத்துவிடுங்கள். அந்த ஆள் வரும்போது மிஷின் நின்றிருந்தால், ஏன் நிற்கிறது என்று கேட்பார். காரணத்தைச் சொல்லுங்கள். ‘பாக்கெட் ஒட்டினதுல கோளாறு’ என்று சொல்லாதீர்கள். போனால் போகட்டும் அந்தச் சரக்கு. அண்ணி முகம் கண்ணிலேயே நிற்கிறது. இருந்தாலும் போகட்டும்.

ஈஜோக்கிலிருந்து மவுரீன் அக்கா ஆள் விட்டிருந்தார். மறுபடி மாவு எடுக்கலாமா என்று கேட்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மூன்றாவது மூட்டை இப்போது எங்கே இருக்கிறது? கட்டி ஓரமாக வைத்தீர்களா, பாக்கெட்டுக்குள் போய்விட்டதா? வேறு ஒன்றும் எழுத வேண்டாம், அதை மட்டும் எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை
அமராவதி